கிபேரால யூத் க்ரூப்போட ஹெல்த் வேலைக்குப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

கென்யா தலைநகர் நைரோபில, கிபேராங்கற பெரிய குடிசைப் பகுதில ஒரு யூத் க்ரூப்போட சேந்து மூணு வருஷம் ஹெல்த் வேலை பாத்தவ நான். போன வாரம் புதுசா அங்க கிளம்பற ஒரு டீம் அவங்க ப்ளானக் கொண்டு வந்து காட்டினாங்க, முதல் பக்கத்துலயே "மெகா மெடிக்கல் கேம்ப், ஒரு நாள்"னு இருந்துச்சு. பாத்ததும் வயித்தக் கலக்கிடுச்சு, ஏன்னா அதே ப்ளான நானும் போட்டிருக்கேன். கேக்காம போட்டோ எடுக்காதீங்க, நாலு வார்த்தை ஸ்வாஹிலி கத்துட்டுப் போங்க, இதெல்லாம் யார் வேணா சொல்லிடுவாங்க. அத விட்டுடறேன்.

பத்து லட்சம்ங்கற நம்பர்

கிபேரான்னு சொன்னாலே "பத்து லட்சம் பேர்"னு ஆரம்பிச்சிடறாங்க. 2009 சென்ஸஸ்ல வந்தது சுமார் 1,70,000 தான். அது கம்மியா எண்ணினதுன்னு வாதாடறவங்க இருக்காங்க, ஆனா பத்து லட்சம்ங்கறது யாரும் வீடு வீடா எண்ணிப் பாத்து வந்த நம்பர் இல்ல. அத நம்பி மருந்து ஆர்டர் போடாதீங்க. கதுவேகெரா, லிண்டி, மகினா, சிலாங்கா, லைனி சாபான்னு உள்ளுக்குள்ளயே தனித்தனி கிராமம் மாதிரி இருக்கு, ஒண்ண மட்டும் எடுத்துக்கோங்க. 2009 கடைசி வரைக்கும் நெட்ல இருந்த மேப்புல அந்த ஏரியா கிட்டத்தட்ட வெத்து இடமா தான் இருந்துச்சு, அப்புறம் அந்த ஊர்ப் பசங்களே ஜி.பி.எஸ் கைல வெச்சுக்கிட்டு சந்து சந்தா நடந்து தண்ணிக் குழாய், க்ளினிக், டாய்லெட் எல்லாத்தையும் குறிச்சாங்க. மேப் கிபேரான்னு அதுக்குப் பேர். போறதுக்கு முன்னாடி உக்காந்து பாருங்க.

ஒரு நாள் கேம்ப்

இத நினைச்சா எனக்கு இன்னிக்கும் எரிச்சலா வருது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஒரு சனிக்கிழமை ஸ்கூல் கிரவுண்ட்ல கேம்ப் போட்டோம். ஷாமியானா, மைக் செட், வாடகை வேன், தண்ணி பாட்டில், வந்தவங்க முந்நூறு பேருக்கு மேல. நம்ம க்ரூப் பசங்க தான் முந்தின நாள் வீடு வீடாப் போய் கூட்டிட்டு வந்தாங்க. அதுல ஒரு அம்மா, சந்து முனைல கீரை விக்கறவங்க. அங்க காய்கறி விக்கற அம்மாவ 'மாமா ம்போகா'ன்னு கூப்பிடுவாங்க, 'மாமா'ன்னா அம்மா. அவங்களுக்கு பி.பி 190/110. டாக்டர் பத்து மாத்திரை உள்ள ஒரு ஸ்ட்ரிப்பும், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டும் குடுத்தாரு. அவங்க அந்த பத்தையும் ஒழுங்கா போட்டாங்க, முடிஞ்சதும் நோயும் முடிஞ்சதுன்னு நினைச்சாங்க. காய்ச்சல் மாத்திரை அப்படித்தானே. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனா அன்னிக்கு வியாபாரம் போச்சு, அதனால போகல. ரெண்டு மாசம் கழிச்சு ஸ்ட்ரோக், வலது கை விழுந்துடுச்சு. நான் பாக்கப் போனப்ப அவங்க பொண்ணு, சில்லறை போட்டு வைக்கற தகர டப்பாவத் திறந்து அந்தக் காலி ஸ்ட்ரிப்ப எடுத்து என் கைல வெச்சா. அடுத்த தடவ வருவாங்க, காட்டணும்னு பத்திரமா வெச்சிருந்தாங்களாம்.

நாங்க அடுத்த தடவ போகவே இல்ல.

அவங்களக் கூட்டிட்டு வந்த பையன் ரெண்டு வாரமா மீட்டிங்குக்கு வரல. விசாரிச்சப்ப தான் தெரிஞ்சுது, அந்தச் சந்து வழியா போகறதையே விட்டுட்டு ரயில் தண்டவாளம் ஓரமா சுத்திப் போயிட்டிருக்கான். நாங்க வேன்ல ஏறிப் போயிட்டோம், கேள்வி கேக்க ஊர்ல இருந்தது அவன் மட்டும் தான்.

அதே கேம்ப்ல டி.பிக்கு சளி டெஸ்ட்டும் எடுத்தோம். ரெண்டு பேருக்கு பாசிட்டிவ். லிஸ்ட்ல போன் நம்பர் இருந்துச்சு, அட்ரஸ் இருக்கவேண்டிய இடத்துல "கதுவேகெரா"ன்னு மட்டும். கதவு நம்பர் கிடையாது அங்க. ஒரு நம்பர் ஸ்விட்ச் ஆஃப், இன்னொண்ணு பக்கத்து வீட்டுக்காரரோடது. "சர்ச் பின்னாடி நீல டேங்க், அதுலருந்து மூணாவது கதவு"ன்னு எழுதக்கூடிய பசங்க எங்ககூடவே இருந்தாங்க, நாங்க அவங்கள டோக்கன் குடுக்க நிக்க வெச்சிருந்தோம்! அப்புறம் அவங்ககிட்ட சொன்னதும் ஒரே சாயங்காலத்துல ஒருத்தரக் கண்டுபிடிச்சாங்க. இன்னொருத்தர் அதுக்குள்ள சொந்த ஊருக்குப் போயிட்டாரு. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட வேண்டிய மனுஷன்.

கேம்ப்புக்கு ஆன காசுல ஒரு க்ளினிக்கல் ஆபிசர (டாக்டர் இல்ல, ஆனா நோயாளியப் பாத்து மருந்து எழுதறவர்) வெச்சு, வாராவாரம் சனிக்கிழமை, அதே இடம், அதே டேபிள்னு மாசக்கணக்குல ஓட்டியிருக்கலாம். தொடர்ந்து மாத்திரை எங்க கிடைக்கும்னு முடிவாகாம யாருக்கும் பி.பி பாக்காதீங்க. 2023லருந்து கென்யா அரசாங்கமே கம்யூனிட்டி ஹெல்த் ப்ரமோட்டர்னு, வீடு வீடாப் போய் ஹெல்த் பாக்கற உள்ளூர் ஆளுங்க சுமார் 1 லட்சம் பேர போட்டிருக்கு, ஒருத்தருக்கு 100 வீடு மாதிரி கணக்கு, பி.பி மெஷின் எல்லாம் கிட்லயே வருது. முதல் நாளே போய் அவங்களப் பாருங்க. லிஸ்ட் எழுதற வேலைய ஊர்ப் பசங்ககிட்ட குடுங்க.

டி-ஷர்ட்

அடிக்காதீங்க.

"வாலண்டியர் தானே"

இண்டஸ்ட்ரியல் ஏரியா வரைக்கும் காலைல நடந்தே போய் ஃபேக்டரி கேட்டுல கூலி வேலைக்கு நிக்கற பசங்க அவங்க. உங்க ட்ரெயினிங்குக்கு ஒரு நாள் வந்தா வீட்ல அன்னிக்கு அடுப்பு எரியறது கஷ்டம். கூலி குடுங்க, எவ்வளவுன்னு முன்னாடியே எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.

பெரிய ஃபண்டு வரட்டும்னு உக்காந்திருக்கறது

தபிதா ஃபெஸ்டோ கிபேராலயே இருந்த ஒரு நர்ஸ், வேலை இல்லாம இருந்தாங்க. 2000ல கைல கிடைச்ச 26 டாலர்ல காய்கறி வித்து, அதுல வந்த காச வெச்சு தன் வீட்டுலயே சின்னதா க்ளினிக் ஆரம்பிச்சாங்க. 2004ல அவங்க இறந்துட்டாங்க, அந்த க்ளினிக் அவங்க பேர்லயே வளந்து நின்னுச்சு. உங்க பட்ஜெட்ல முதல் வரி என்னன்னு ஒரு தடவ பாருங்க.

எச்.ஐ.விக்கு தனி நாள், தனி கதவு

வேணாம். அந்த நாள் செவ்வாய்க்கிழமைன்னு வெச்சா, அவ்வளவு குறுகலான சந்துல அன்னிக்கு அந்தக் கதவுக்கு யார் போறாங்கன்னு ஊருக்கே தெரியும்.

ஆறு மணி மீட்டிங்

"பொண்ணுங்க வரமாட்டேங்கறாங்க"ன்னு ரிப்போர்ட்ல எழுதற டீம் எல்லாம் மீட்டிங்க சாயங்காலம் ஆறு மணிக்கு தான் வெச்சிருக்கும். நைரோபி பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கு, வருஷம் பூரா ஆறரை மணி சுமாருக்கு இருட்டிடும், அப்புறம் அந்தச் சந்துல ஒரு பொண்ணு தனியா நடந்து வீட்டுக்குப் போகணும். நாங்க அத ஞாயித்துக்கிழமை மத்தியானம் சர்ச் விட்டதும்னு மாத்தினோம். அடுத்த வாரமே பதினாலு பொண்ணுங்க வந்தாங்க, அதுல ரெண்டு பேர் கைக்குழந்தையோட.