சாம்பிள் வாத்தியங்கள் நிஜம்போல ஒலிக்காததற்குக் காரணமான தவறுகள்

அசல் வாத்தியத்தின் ஒலிகளைப் பதிவுசெய்து, கீபோர்டில் வாசிக்கும்படி கணினியில் அமைத்ததே சாம்பிள் வாத்தியம். அந்தப் பதிவுகளின் தொகுப்புதான் லைப்ரரி. நல்ல வயலின் லைப்ரரி ஒன்றில் ஒவ்வொரு சுரமும் மெலிதாக, நடுத்தரமாக, அழுத்தமாக என்று தனித்தனியே பதிவாகியிருக்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு விரல் நகரும் கணம்கூட அதில் இருக்கும். ஆனாலும் வாசித்துக் கேட்டால் பழைய கீபோர்டின் 'ஸ்ட்ரிங்ஸ்' ஒலிபோலவே இருக்கிறது என்று பலர் நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் குறை லைப்ரரியில் இல்லை. பியானோவில் சுத்தியல் தந்தியைத் தொட்ட பிறகு அந்தச் சுரத்தின் உரப்பைக் கூட்ட வழியில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கை, விசையை அழுத்தியதும் ஓய்ந்துவிடுகிறது. வில் வாத்தியத்திலும் ஊதுவாத்தியத்திலும் மீதி வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

சிசி 1, சிசி 11, சிசி 7

கீபோர்டும் கணினியும் வாசிப்பைப் பரிமாறிக்கொள்ளும் மொழி மிடி. அதில் 0 முதல் 127 வரை மதிப்பு அனுப்பும், எண்ணிட்ட கட்டுப்பாடுகள்தான் சிசி. இந்த மூன்றும் ஒலியைக் கூட்டிக் குறைப்பதுபோல் தோன்றுவதால் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று நினைப்பதுதான் மிகப் பரவலான தவறு. நீண்ட சுரங்களுக்கான பேட்ச்களில் (பேட்ச் என்பது லைப்ரரியில் ஒரு வாசிப்பு முறைக்கான தனித் தேர்வு) சிசி 1, அதாவது மோட் வீல், பெரும்பாலும் டைனமிக் அடுக்குகளுக்கு, அதாவது மெலிது முதல் அழுத்தம் வரையிலான பதிவுகளுக்கு, இடையே நகர்த்துகிறது. மெலிதாக வாசித்த பதிவில் மேல் ஹார்மோனிக்குகள் (அடிச் சுருதியோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் அதிர்வுகள்) குறைவு, அழுத்தி வாசித்ததில் அதிகம். எனவே சிசி 1 ஏறும்போது ஒலியின் அளவோடு அதன் நிறமும் மாறுகிறது. சிசி 11 அளவை மட்டுமே மாற்றும். சிசி 1-ஐ 30-இல் விட்டுவிட்டு சிசி 11-ஐ 127 வரை ஏற்றினால், யாரோ கிசுகிசுத்ததை ஒலிபெருக்கியில் கேட்பதுபோல் இருக்கும்.

சிசி 11-ஐ 100 அளவில் நிறுத்திவிட்டு, இசையின் ஏற்ற இறக்கத்தை முழுக்க சிசி 1-இல் வாசியுங்கள். மிக மெல்லிய அடுக்குக்கும் ஓரளவு ஒலி இருப்பதால், சுரம் மௌனத்தில் கரைய வேண்டிய இடத்தில் மட்டும் சிசி 11-ஐ இறக்கினால் போதும். சிசி 7 மிக்ஸிங்குக்கானது. அதை ஒருமுறை வைத்தபின் தொடாதீர்கள். பாடலின் நடுவிலிருந்து ஓட்டும்போது ஒலி திடீரென்று பெரிதாகவோ காணாமலோ போனால், ரெக்கார்டிங் மென்பொருள் முந்தைய சிசி மதிப்பைத் தேடி எடுக்கவில்லை என்று பொருள். 'சேஸ்' வசதியை இயக்குங்கள், ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒரு சிசி மதிப்பைப் பதித்து வையுங்கள்.

தனி வாத்தியங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று கலக்கும் இடத்தில் ஒரு புல்லாங்குழல் இரண்டாகக் கேட்கும், அல்லது ஒலி குழைந்து உள்ளீடற்றதாகும். இரண்டும் வெவ்வேறு நேரத்தில் பதிவானவை, அவற்றின் அலைகளும் வைப்ரேட்டோவும் (சுருதியின் மெல்லிய அசைவு) ஒத்துப்போகாது என்பதே காரணம். ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு மோட் வீலை 0-இலிருந்து 127 வரை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். எந்தெந்த எண்களுக்கு இடையில் இது நேர்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்தை வேகமாகக் கடந்து போங்கள், அங்கே தங்காதீர்கள். இதைத் தீர்க்கவே சில நவீன வாத்தியங்களில் அடுக்குகளின் அலைகளை முன்கூட்டியே ஒன்றோடொன்று பொருத்தி வைக்கிறார்கள். தனி வாத்தியம் வாங்கும்போது முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான். லைப்ரரியின் ஜிபி கணக்கு அதற்குப் பிறகு. குழு வாத்தியங்களில் இந்தக் கோளாறு அவ்வளவாகத் தெரியாது, ஏற்கெனவே பலர் சேர்ந்து வாசிக்கும் ஒலிதானே அது.

சிசி கோடுகளை மவுஸால் நேர்கோடாக வரைவதும் காதுக்கு உடனே தெரிந்துவிடும். மோட் வீல், ஃபேடர், மூச்சால் இயங்கும் கன்ட்ரோலர் என்று எது கையில் இருக்கிறதோ அதால் வாசித்துப் பதிவுசெய்து, பிசிறுகளை மட்டும் பிறகு திருத்துங்கள். அதற்காக ஒவ்வொரு சுரத்தையும் ஊதிப் பெருக்கி இறக்குவதும் வேண்டாம். ஏற்றமும் இறக்கமும் இசைச் சொற்றொடர் முழுவதற்குமாக அமைய வேண்டும்.

வெலாசிட்டிக்கு எங்கும் ஒரே வேலை இல்லை

விசையை எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பதைக் குறிக்கும் மிடி எண்தான் வெலாசிட்டி. ஸ்டக்காட்டோ போன்ற குறுஞ்சுரங்களில் வெலாசிட்டிதான் அடுக்கைத் தேர்ந்தெடுக்கும். சுரங்களை இடைவெளியின்றி இணைத்து வாசிக்கும் லெகாட்டோ பேட்ச்களில் பலவற்றில் அது சுரம் மாறும் வேகத்தையோ வகையையோ தீர்மானிக்கிறது: குறைந்த வெலாசிட்டியில் வழுக்கல், அதிகமானால் விரைவான மாற்றம் என்பதுபோல. இது தெரியாமல் மனிதர் வாசித்ததுபோல மதிப்புகளைச் சற்றே மாற்றும் 'ஹியூமனைஸ்' பொத்தானை அழுத்தி வெலாசிட்டியைக் கலைத்துவிட்டால், கேட்காத இடங்களிலெல்லாம் வயலின் வழுக்கும். கையேட்டில் அந்தப் பேட்சுக்கான பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

லெகாட்டோவும் தாமதமும்

அசல் லெகாட்டோவில், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வாத்தியக்காரர் உண்மையில் நகர்ந்ததைப் பதிவுசெய்து, அந்த நகர்வையே ஒலிக்கிறார்கள். நகர்வுக்கு நேரம் பிடிக்கும். விசையை அழுத்திய கணத்தில் நகர்வு தொடங்கி, புதிய சுரம் வந்துசேர 60 மில்லிநொடியோ 300 மில்லிநொடியோ ஆகலாம். சுரங்களை கிரிட்டில், அதாவது மென்பொருளின் தாளக் கோடுகளில், சரியாக ஒட்டவைத்தால் பாட்டு தாளத்துக்குப் பின்னால் இழுபடுவது இதனால்தான்.

அளந்து பார்ப்பது கடினமில்லை. டெம்போவை 60-இல் வைத்து, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி கால் சுரங்கள் எட்டை கிரிட்டில் இடுங்கள். அதை ஆடியோவாக ஏற்றுமதி செய்து, பெரிதாக்கி, கிரிட் கோட்டுக்கும் புதிய சுரம் நிலைபெறும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அந்த அளவை அந்த டிராக்கின் தாமதத்தில் எதிர்மறை எண்ணாகக் கொடுத்தால் சுரங்கள் தாளத்தில் விழும். சொற்றொடரின் முதல் சுரத்தில் நகர்வு இல்லாததால் அதன் தாமதம் வேறு, அதைக் கையால் தனியே நகர்த்த வேண்டியிருக்கும். ஸ்டக்காட்டோவுக்கும் லெகாட்டோவுக்கும் தாமதம் வேறுபடும் என்பதால் இரண்டையும் ஒரே டிராக்கில் வைத்தால் ஏதாவது ஒன்று பிசகும். தனித்தனி டிராக்குகளே நல்லது.

120 டெம்போவில் பதினாறில் ஒரு பங்கு சுரத்தின் நீளம் 125 மில்லிநொடி. 250 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும் நகர்வை அங்கே எந்தத் திருத்தத்தாலும் நுழைக்க முடியாது. வேக லெகாட்டோவுக்கோ குறுஞ்சுரப் பேட்சுக்கோ மாறுங்கள். லெகாட்டோவே கேட்கவில்லை என்றால், குவாண்டைஸ் செய்தபோது (சுரங்களைத் தானாக கிரிட்டுக்கு நகர்த்தியபோது) சுரங்களின் முடிவும் வெட்டப்பட்டு ஒன்றோடொன்று படியாமல் போயிருக்கலாம்.

பிட்ச் பெண்டும் எம்பிஇயும்

எம்பிஇ (மிடி பாலிஃபோனிக் எக்ஸ்பிரஷன்) 2018-இல் மிடி தரத்தின் பகுதியாக ஏற்கப்பட்டது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனி மிடி சேனல் கிடைப்பதால், கார்டில் (ஒருசேர ஒலிக்கும் சுரங்களில்) ஒன்றின் சுருதியை மட்டும் வளைக்க, அதாவது பிட்ச் பெண்ட் செய்ய, முடிகிறது. பெரும்பாலான குழப்பம் வளைவின் எல்லையில்தான். எம்பிஇயில் இயல்பான எல்லை 48 செமிடோன் (அரைச்சுரம்), சாதாரண வாத்தியங்களில் 2. கன்ட்ரோலர் 48-இலும் வாத்தியம் 2-இலும் இருந்தால், விரலை ஒரு செமிடோன் நகர்த்தும்போது ஒலி 24-இல் ஒரு பங்கு செமிடோன்தான் நகரும், எதுவும் நடக்காததுபோல் இருக்கும். மாறாக, கன்ட்ரோலர் 2-இலும் வாத்தியம் 48-இலும் இருந்தால் ஒரு செமிடோன் வளைவு இரண்டு ஸ்தாயி தாவும். இரு பக்கமும் ஒரே எண்ணை வையுங்கள். பதிவுசெய்யும் டிராக் எல்லாச் சேனல்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்த்துவிட்டால் எது எந்தச் சுரத்தின் வளைவு என்பதை மீட்க முடியாது.

எல்லை சரியானாலும் சாம்பிளை நெடுந்தூரம் வளைக்காதீர்கள். வழக்கமான முறையில் சுருதியை உயர்த்துவது, பதிவை வேகமாக ஓட்டுவதுதான். 5 செமிடோன் ஏற்றினால் வேகம் சுமார் 1.33 மடங்கு, நொடிக்கு 5 முறை அசைந்த வைப்ரேட்டோ 6.7 முறை அசையும், வாத்தியத்தின் உடல் சுருங்கியதுபோலவும் கேட்கும். இரண்டு செமிடோனுக்கு மேல் வளைக்க வேண்டிய இசைக்கு வைப்ரேட்டோ இல்லாத பேட்சை எடுத்து வைப்ரேட்டோவைக் கையால் கொடுங்கள். அல்லது சாம்பிளை விட்டுவிட்டு, வாத்தியத்தின் அதிர்வைக் கணக்கிட்டு ஒலியை உருவாக்கும் பிசிகல் மாடலிங் வாத்தியத்துக்குப் போங்கள். இந்த வேலைக்கு அது பெரும்பாலும் ஒரு படி மேல்.

மிடி 2.0-க்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. 7 பிட் வெலாசிட்டி 16 பிட் ஆகிறது, உண்மைதான். ஆனால் மூன்றே அடுக்குகள் பதிவான லைப்ரரியில் நான்காவது அடுக்கு அதனால் முளைத்துவிடாது.

சிறிய தவறுகள்

16 பேர் வாசிக்கும் வயலின் பேட்சில் மூன்று சுரக் கார்டைப் பிடித்தால் 48 வயலின்கள் ஒலிக்கும். கார்டின் சுரங்களுக்கு வாத்தியக்காரர்களைப் பிரித்துக்கொடுக்கும் டிவிசி பேட்ச் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையேல் சுரங்களை வயலின், வயோலா, செல்லோ என்று பிரித்துக் கொடுங்கள்.

வாசிப்பு முறையை மாற்றும் விசையான கீஸ்விட்ச்சை அது மாற்ற வேண்டிய சுரத்தோடு ஒரே கணத்தில் வைத்தால் எது முதலில் போய்ச் சேரும் என்பது உறுதியில்லை. 20 மில்லிநொடியாவது முன்னால் நகர்த்துங்கள். பகுதியை வேறு சுருதிக்கு மாற்றும்போது கீஸ்விட்ச் சுரங்களையும் சேர்த்து மாற்றிவிடுவது அடிக்கடி நடக்கும். வாசிப்பு முறையைச் சுரமாக அன்றிப் பெயரால் குறிக்கும் ஆர்ட்டிகுலேஷன் மேப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இராது.

ஒரே சுரத்துக்குப் பல பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கும் ரவுண்ட் ராபின் இருந்தும் இயந்திரத் துப்பாக்கிபோல் கேட்டால் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். நான்கு ராபின்களுக்கு ஒரே பொதுவான எண்ணி இருந்து, நான்கு சுரங்கள் கொண்ட வரிசை திரும்பத் திரும்ப வந்தால், ஒவ்வொரு சுரத்துக்கும் எப்போதும் அதே பதிவுதான் வரும். அடுத்தடுத்து ஒன்றே வராத குலுக்கல் முறைக்கு மாற்றினால் இது நின்றுவிடும்.

பியானோவில் அரைப் பெடல் (பெடலைப் பாதி மட்டும் அழுத்துவது) வேண்டுமானால், 0 முதல் 127 வரை இடைப்பட்ட மதிப்புகளையும் அனுப்பும் பெடல் தேவை. வெறும் சுவிட்ச் பெடல் இரண்டே நிலைகளை அனுப்பும்.

கணினி திணறி ஒலி வெட்டுப்பட்டால் உடனே ரேம் வாங்க ஓடாதீர்கள். நான்கு அடுக்குகளும் ஒருசேர ஓடும் பேட்சில் மூன்று மைக்குகளின் பதிவுகளைத் திறந்தால் ஒரு சுரத்துக்கே 12 ஸ்டீரியோ குரல்கள் (ஒரே நேரத்தில் ஓடும் பதிவுகள்), நான்கு சுரங்களுக்கு 48. எழுதும்போது ஒரே மைக்கை மட்டும் திறந்து வைத்து, கடைசியில் மற்றவற்றைச் சேருங்கள். சாம்பிளின் தொடக்கம் மட்டும் ரேமில் இருக்க, மீதி டிஸ்க்கிலிருந்து ஓடுகிறது. லைப்ரரி எஸ்எஸ்டியில் இருந்தால் தொடக்கத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் அந்த ப்ரீலோட் பஃபரைக் குறைத்தாலே ரேம் கணிசமாக மிஞ்சும். குறைத்தபின் பாடலின் நெரிசலான பகுதியை ஓட்டிப் பார்த்து, வெட்டு கேட்டால் மட்டும் ஒரு படி கூட்டுங்கள்.