ஹெச்ஏபிராக்ஸிக்கு நாமே எழுதும் ஹெல்த் செக் ஸ்கிரிப்ட்

ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடைக்கு ஆன்லைன் ஆர்டர் தளம் நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சர்வர், முன்னால் வருபவர்களை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் ஹெச்ஏபிராக்ஸி. சர்வர் நலமா என்று அது அடிக்கடி சோதிப்பதுதான் ஹெல்த் செக். ஞாயிறு மதியம், ஒரு சர்வரில் சமையற்கட்டுக்குச் சீட்டு அனுப்பும் சேவை மட்டும் படுத்துவிடுகிறது. வெப் பக்கம் ஜோராகத் திறக்கும். ஹெச்ஏபிராக்ஸியின் சாதாரண செக், போர்ட்டில் இணைப்பு கிடைக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. ஷட்டர் ஏறியிருக்கிறது, தேக்சா காலி என்ற கதைதான். அந்த சர்வருக்குப் போனவர்கள் பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள்.

வெப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதுமென்றால் ஸ்கிரிப்டே வேண்டாம். உள்ளேயே இருக்கும் ஹெச்டிடிபி செக் போதும், ஒவ்வொரு தடவையும் புது பிராசஸ் கிளப்பும் செலவும் இல்லை. நமக்கோ இரண்டு சேவையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

முதலில் ஸ்கிரிப்ட். பாஷ் போதும். ஹெச்ஏபிராக்ஸி நாலு மதிப்புகளைக் கொடுத்து அதை ஓட்டும். $1, $2 ஹெச்ஏபிராக்ஸியின் சொந்த முகவரிக்கும் போர்ட்டுக்குமான இடங்கள், நம் அமைப்பில் அவற்றில் NOT_USED என்றே வரும். நமக்கு வேண்டியவை $3, $4: சோதிக்க வேண்டிய சர்வரின் முகவரி, போர்ட். $3:$4-க்கு ஒரு கர்ல் (ஒரு வெப் முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கும் கமாண்ட்), அதே $3-இல் சீட்டு சேவை ஓடும் 8090-க்கு இன்னொரு கர்ல், நடுவில் &&. இரண்டும் தேறினால் எக்ஸிட் 0, எது தவறினாலும் எக்ஸிட் 1. கர்லுக்கு ஃபெயில் ஆப்ஷன் (--fail) கட்டாயம். அது இல்லாவிட்டால் சர்வர் 500 (உள்ளே பிழை) என்று அலறினாலும் கர்ல் 0 என்றே முடிக்கும். அதிகபட்ச நேரத்தை ஒவ்வொன்றுக்கும் 1 நொடி என்று வையுங்கள்.

ஃபைலுக்கு எக்ஸிக்யூட் அனுமதி கொடுத்து, நாலு மதிப்புகளோடு கையால் ஓட்டி, $? (எக்ஸிட் மதிப்பு) என்ன என்று பாருங்கள்.

அப்புறம் கான்ஃபிக். குளோபல் பகுதியில் எக்ஸ்டர்னல்-செக் என்று ஒரு வரி. புதிய பதிப்புகளில் இன்செக்யூர்-ஃபோர்க்-வான்டட் என்பதும் வேண்டும். சர்வர்களைப் பட்டியலிடும் பேக்எண்ட் பகுதியில் ஆப்ஷன் எக்ஸ்டர்னல்-செக், அடுத்து எக்ஸ்டர்னல்-செக் கமாண்ட் என்று எழுதி ஸ்கிரிப்டின் முழுப் பாதை. சர்வர் வரிகளில் செக் என்ற சொல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்: கையால் ஓட்டினால் 0, ஹெச்ஏபிராக்ஸி ஓட்டினால் சர்வர் டவுன். அது ஸ்கிரிப்டை ஓட்டும்போது பாத் வேரியபிள் இயல்பில் காலியாக இருக்கும், அதனால் கர்ல் எங்கே என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. எக்ஸ்டர்னல்-செக் பாத் என்ற வரியில் சொல்லுங்கள், அல்லது கர்லையே முழுப் பாதையோடு எழுதுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் குளோபலில் சிரூட் (chroot, ஹெச்ஏபிராக்ஸியை ஒரே ஃபோல்டருக்குள் அடைக்கும் வரி) இருக்கிறதா பாருங்கள். அந்தச் சிறைக்கு வெளியே உள்ள ஃபைல் எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது.

இயல்பில் 2 நொடிக்கு ஒரு செக், தொடர்ந்து 3 தவறினால் டவுன், 2 தேறினால் மீண்டும் அப். அவசரப்பட்டு 3-ஐ 1 ஆக்காதீர்கள், ஒரு சின்ன நெட்வொர்க் விக்கலுக்கே சர்வர் வெளியே போய்விடும்.

இரண்டு சர்வருக்கும் பொதுவான டேட்டாபேஸை இந்த ஸ்கிரிப்டில் சோதிப்பது எனக்கு உடன்பாடில்லை. அது தடுமாறினால் இரண்டும் ஒன்றாக டவுன் ஆகி, மெனு பார்க்க வந்தவருக்கும் 503 (சேவை இல்லை) போகும். அதற்குத் தனி அலாரம் வையுங்கள்.

கடைசியாக, கூட்டமில்லாத நேரத்தில் ஒரு சர்வரில் சீட்டு சேவையை வேண்டுமென்றே நிறுத்துங்கள். ஹெச்ஏபிராக்ஸியின் ஸ்டாட்ஸ் பக்கத்தில் அந்த சர்வரின் வரி சிவப்பாகி, ஆர்டர் எல்லாம் இன்னொன்றுக்குப் போக வேண்டும். சிவப்பாகவில்லை என்றால் சர்வர் வரியில் செக் என்ற சொல்லையும் ஸ்கிரிப்டின் எக்ஸிட் மதிப்பையும் திரும்பப் பாருங்கள்.