முதல் ஆவணப்படம் எடுக்கப் போகிறீர்களா? காதைத் தீட்டிக்கொண்டு போங்கள்

பத்து நிமிட ஆவணப்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்தக் கேமரா வாங்கலாம் என்றுதான். கையில் இருக்கும் போனே போதும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். அதனால் இருக்கிற பணத்தில் முதலில் ஒரு நல்ல காலர் மைக்கும் ஹெட்போனும் வாங்குங்கள்.

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் ஒருவரைப் பற்றிய படம் என்று வைத்துக்கொள்வோம். தறி ஓட ஓடப் பேட்டி எடுத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல் காணாமல் போகும். தறி நின்றதும் பேட்டி எடுங்கள். தறிச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்தால் எடிட்டிங்கில் பேச்சுக்கு அடியில் வேண்டிய அளவு சேர்த்துக்கொள்ளலாம். மின்விசிறி, ஃப்ரிட்ஜ் இரண்டையும் வீட்டாரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜை நிறுத்தினால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள், திரும்பப் போடாமல் நீங்கள் ஊர் போய்ச் சேர முடியாது. அப்புறம், கிளம்பும் முன் யாரும் பேசாமல் அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், பேச்சை வெட்டி ஒட்டிய இடம் காதில் இடறாமல் இருக்க அது வேண்டும்.

பக்கத்தில் ரேடியோ பாடினால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். வெட்டுகிற இடத்திலெல்லாம் பாட்டு தாவும். அதோடு, அந்தப் பாட்டுக்கு உரிமை வாங்காமல் திரைவிழாவுக்கு அனுப்பவும் முடியாது.

கேள்வியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "நெசவு கஷ்டமான தொழிலா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்பதோடு முடிந்துவிடும். "முதன்முதலா தறியில உட்கார்ந்த அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க ஐயா" என்று கேட்டுப் பாருங்கள். அவர் பேசும்போது நீங்கள் "ம்... சரிங்க" என்று ஒத்து ஊதாதீர்கள், அதுவும் பதிவாகும், தலையாட்டினால் போதும். பேசி முடித்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் நாலைந்து நொடி சும்மா இருங்கள். மனதில் இருப்பது பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வெளியே வரும், யோசித்து வைத்திருந்த பதில் அதற்குள் தீர்ந்திருக்கும்.

முகத்தை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடுவது அடுத்த தவறு. கோர்வை போட, அதாவது சேலையின் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்ய, வழக்கமாகக் கூட ஒரு ஆள் உட்கார வேண்டும். இதை அவர் எவ்வளவு விளக்கினாலும், கரைக்கான நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளும் அந்தக் கையைக் காட்டாமல் யாருக்கும் புரியாது. ஒவ்வொரு ஷாட்டையும் பத்து நொடியாவது அசையாமல் பிடியுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் வெளிச்சத்தில் நொடிக்கு 25 ஃப்ரேம், 1/50 நொடி ஷட்டர் வைத்தால் படம் மினுக்காது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும், இரண்டு இடத்தில் காப்பி எடுக்காமல் கார்டை அழிக்காதீர்கள்.

கையெழுத்து வாங்கியாச்சு, அனுமதி முடிந்தது என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பேச்சு வேகத்தில் அவர் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல், கொடுக்கும் முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தைப் பற்றியும் கூலி போதாததைப் பற்றியும் சொல்லியிருப்பார். படம் வெளியே போனால் அடுத்த பாவு வராமல் போகலாம். எடிட் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் முழுவதையும் போட்டுக் காட்டுங்கள். அந்த இடம் வேண்டாம் என்றால் வெட்டிவிடுங்கள், படத்திலேயே உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் அதுவாக இருந்தாலும்.