சும்மா கிடைக்கிற காலி பாட்டில்: இஞ்சி பீர் போடுகிறவர்கள் செய்கிற தவறுகள்

புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு காலி பாட்டில் கிடைக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தெருவுக்குத் தெரு பார், ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாசலில் சாக்கு சாக்காக காலி பாட்டில். அதனால் வீட்டில் இஞ்சி பீர் (இஞ்சியும் சர்க்கரையும் போட்டுப் புளிக்கவைக்கிற கேஸ் பானம்), கொம்புச்சா (புளிக்கவைத்த டீ) போட ஆரம்பிக்கிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு மூட்டை அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அப்புறம்தான் அதில் பாதி எதற்கும் உதவாது என்று தெரிகிறது, சில சமயம் வெடித்த பிறகு தெரிகிறது.

நிஜ பீரைப் பற்றி ஒரு வார்த்தை முதலிலேயே. பிரான்சில் இருக்கிற மாமா பையன் மால்ட் (முளைகட்டிய பார்லி), ஹாப்ஸ் (கசப்புக்குப் போடுகிற ஒரு கொடியின் பூ) எல்லாம் வாங்கி வீட்டிலேயே பீர் போடுகிறான் என்று நம் ஊரில் பல வீடுகளில் பேச்சு உண்டு. அங்கே உள்ள சட்டம் வேறு. இங்கே லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது; கடலூர் பக்கம் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம், புதுச்சேரிக்கு 1970-ஆம் ஆண்டின் கலால் சட்டம். ஆகவே நான் சொல்வது இஞ்சி பீர் வகையறாவுக்கு. அதையும் நாள் கணக்காக வெளியே வைத்தால் சாராயம் ஏறத்தான் செய்யும், கேஸ் பிடித்ததும் பிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். பாட்டில் விஷயம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான், ஏனென்றால் இரண்டிலுமே மூடி போட்ட பிறகு உள்ளே கேஸ் உருவாகிறது.

அந்த கேஸை லேசாக நினைப்பதுதான் முதல் தப்பு. சாதாரண பீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். நம் ஊர் வெயிலில், முப்பது டிகிரியில், அது மூடியைத் தள்ளுகிற அழுத்தம் கார் டயரில் அடிக்கிற காற்றை விட அதிகம். பீர் பாட்டில் இதற்காகவே செய்தது. ஒயின் பாட்டில் அப்படி இல்லை, பார்க்க கனமாக இருந்தாலும் கேஸ் இல்லாத சரக்குக்காகச் செய்தது. ஒயிட் டவுன் ரெஸ்டாரன்ட் பக்கம் அழகழகான ஒயின் பாட்டில் கிடைக்கிறது என்று எடுத்துவந்து கார்க் அடித்தால், கார்க் பறந்தால் நல்ல காலம், பறக்காவிட்டால் பாட்டிலே போகும். பிராந்தி, ரம் வருகிற ஃபுல், குவாட்டர் எல்லாமே இதே கதை. ஷாம்பெயின் பாட்டில் மட்டும் விதிவிலக்கு, அது பீர் பாட்டிலை விடவும் தாங்கும். ஆனால் அதன் வாய்க்கு 29 மில்லிமீட்டர் மூடி தேவைப்படலாம். நாம் வாங்குகிற சாதாரண சோடா மூடி 26 மில்லிமீட்டர். கையில் ஒரு மூடியை வைத்துக்கொண்டு போய், வாயில் வைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

திருகித் திறக்கிற மூடி வருகிற பீர் பாட்டில்களையும் ஒதுக்கிவிடுங்கள். கழுத்தில் திருகு வரி இருந்தால் கையால் அழுத்தி அடிக்கிற மூடி மெஷினில் சரியாக உட்காராது, நாலு நாளில் கேஸ் எல்லாம் போய் வெறும் இஞ்சித் தண்ணீர்தான் மிஞ்சும். கம்பிப் பூட்டு வைத்த கண்ணாடி பாட்டில் என்று அலங்காரக் கடைகளில் விற்கிறார்களே, சதுரமாக, அழகாக, அவை பெரும்பாலும் எண்ணெயும் தண்ணீரும் வைக்க. சதுரத்தில் மூலைகள்தான் முதலில் விடும்.

கோலி சோடா பாட்டில் ஆசை எல்லாருக்கும் வரும். எனக்கும் அதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1872-இல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. உள்ளே ஏற்கெனவே கேஸ் இருக்கிற தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தால் கோலி வந்து ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து, கேஸே அதைப் பிடித்துக்கொள்ளும். நாம் போடுவது மெதுவாகக் கேஸ் பிடிக்கிற சமாச்சாரம், ஆரம்பத்தில் கோலியைப் பிடிக்க உள்ளே ஒன்றும் இருக்காது. ஷோகேஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நான் ரொம்பப் பயப்படுகிற தப்புக்கு வருகிறேன். நம் ஊரில் காலி பாட்டில் காலியாகவே இருப்பதில்லை. பினாயில், பாத்ரூம் கழுவுகிற ஆசிட், மண்ணெண்ணெய், பெயின்ட் கடை தின்னர், எல்லாம் பழைய பாட்டிலில்தான் வீட்டுக்கு வருகிறது. தெருவில் சைக்கிளில் வருகிறவர் பினாயில் ஊற்றிக் கொடுப்பது எந்த பாட்டிலில் என்று யோசித்துப் பாருங்கள். அந்த பாட்டில் மறுபடி காயலான் கடைக்குத்தான் போகும், அங்கே பீர் பாட்டிலோடு பீர் பாட்டிலாக நிற்கும். லேபிள் ஒட்டியிருக்கிறதே, பீர்தானே இருந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். மூக்கை வாயருகே கொண்டுபோய் மோந்து பாருங்கள், புளித்த பீர் வாடை, பூஞ்சை வாடை வந்தால் பரவாயில்லை, கழுவினால் போகும். பினாயில், பெட்ரோல், வார்னிஷ், எதுவென்று சொல்லத் தெரியாத மருந்து வாடை, இவற்றில் ஏதாவது வந்தால் கழுவிப் பார்க்கலாம் என்றுகூட யோசிக்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். உள்ளே எண்ணெய்ப் படலம் மாதிரி வானவில் நிறம் தெரிந்தாலும், அடியில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தாலும் அதே தீர்ப்புதான். வாடையே இல்லாமல் துப்புரவாக இருக்கிற பாட்டில் மேலும் எனக்குச் சந்தேகம் வரும், கடைக்காரரிடம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பேன்.

அடுத்தது தேய்மானம். இந்தியாவில் பீர் பாட்டில் ஒருமுறை குடித்ததும் உடைபடுகிற பொருள் இல்லை. பொறுக்குகிறவர், காயலான் கடை, மொத்த வியாபாரி என்று கைமாறி மறுபடி கம்பெனிக்கே போய் நிரம்பி வரும். அப்படிப் பலமுறை போய்வந்த பாட்டிலின் தோளிலும் அடிப்பக்கத்திலும் சுற்றிலும் வெள்ளையாகச் சுரண்டிய மாதிரி ஒரு பட்டை ஓடும், பெட்டியில் ஒன்றோடொன்று உரசினது. லேசாக இருந்தால் சரி, பட்டை அகலமாக, தொட்டால் சொரசொரவென்று இருந்தால் வேண்டாம். அப்புறம் வாய் விளிம்பில் நகத்தை ஒரு சுற்று ஓட்டுங்கள், எங்கேயாவது நகம் மாட்டினால் சில்லு போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தெரியும்.

இந்தக் கைமாறுகிற சங்கிலியை மறந்துவிட்டு பார் வாசலில் போய் “அண்ணே, சும்மாதானே கிடக்குது” என்று கேட்பதும் ஒரு தப்பு. அது சும்மா கிடக்கவில்லை. அங்கே கிளீனிங் செய்கிற பையனோ அக்காவோ விற்றுக் காசாக்குகிற பாட்டில் அது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலியைத் திருப்பிக் கொடுத்தால் காசு தருகிற திட்டம் 2022-இல் நீலகிரியில் ஆரம்பித்தது, அது வந்த இடங்களில் காலி பாட்டில் என்றால் பத்து ரூபாய் நோட்டு. ஆகவே இலவசம் வேண்டுமென்றால் நண்பர்களிடம் கேளுங்கள், குடித்தவுடன் ஒரு தடவை தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், அது போதும், முக்கால்வாசி கழுவுகிற வேலை மிச்சம். இல்லையென்றால் காயலான் கடைக்குப் போய், எண்ணிக்கைக்குக் காசு கொடுத்து, நீங்களே பொறுக்கி எடுங்கள். மூட்டையாக எடை போட்டு வாங்கினால் விலை குறைவாகத் தெரியும், பாதியைத் தூக்கிப் போட்ட பிறகு கணக்குப் பார்த்தால் அதுதான் அதிகம். 650 மில்லி, 330 மில்லி இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொண்டு அதையே சேருங்கள், கலந்துகட்டி வாங்கினால் அடுக்கவும் முடியாது, அளக்கவும் முடியாது.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு இடைச்செருகல்: புதுச்சேரியில் வாங்கிக்கொண்டு முள்ளோடை வழியாக வருகிறீர்கள் என்றால், காலி பாட்டிலாகவே இருந்தாலும் பீர் பெட்டியை டேப் ஒட்டி மூடாதீர்கள். ஆல்பேட்டை செக்போஸ்டில் எப்படியும் பிரிக்கச் சொல்லுவார்கள். மூடியில்லாத வாய்கள் மேலே தெரிகிற மாதிரி கோணியில் நிறுத்தி எடுத்துவந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கழுவுவதில் பெரிய வித்தை இல்லை. வெந்நீரில் சலவை சோடா கரைத்து ராத்திரி முழுக்க ஊறவிட்டால் லேபிள் தானாகவே கழன்று வரும், உள்ளே நீள பிரஷ் விட்டுத் தேய்த்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அடிவரை பாருங்கள். கொதிக்கிற தண்ணீரை நேராகக் குளிர்ந்த பாட்டிலில் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரியும். பச்சைத் தண்ணீரில் போட்டு அதோடு சேர்த்துச் சூடாக்குங்கள். பிளீச்சிங் திரவம் போட்டால் வாடை போகிறவரை அலசுங்கள், அதோடு வினிகர் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும். பழுப்பா பச்சையா என்று குழம்பவும் வேண்டாம், வெளிச்சம் பட்டு நாறுவது ஹாப்ஸ் போட்ட பீர்தான், இஞ்சிக்கு அந்தக் கவலை இல்லை.

நிரப்பும்போது கழுத்தில் ஒரு அங்குலம் காலியாக விடுங்கள். பாட்டில் எவ்வளவு நல்லதானாலும், இனிப்பு மிச்சமிருக்கிற இஞ்சி பீர் வெளியே இருக்கிறவரை கேஸ் ஏறிக்கொண்டேதான் இருக்கும், மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்தால் எந்த பாட்டிலும் தாங்காது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பிளாஸ்டிக் கோலா பாட்டிலிலும் அதே சரக்கை ஊற்றி மற்றவற்றோடு வைத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் இல்லை, அடியில் ஐந்து கால் மாதிரி புடைத்திருக்குமே, அந்த பாட்டில். கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்று கையால் அமுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது, இதை அமுக்கினால் தெரியும். விரலுக்கு அது கொஞ்சமும் அமுங்காத நிலைக்கு வந்ததும் எல்லா பாட்டிலையும் பிரிட்ஜில் ஏற்றுங்கள், அதுவரைக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நிறுத்தி மேலே தடிமனான சாக்கைப் போட்டு மூடி வையுங்கள், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில். ஒரு ராத்திரி நன்றாகக் குளிர்ந்த பிறகு, சிங்க் மேலே பிடித்துத் திறங்கள்.