விறகு பாய்லரில் தார் படியாமல் இருக்க
பெங்களூரு குளிரில் வெந்நீருக்கு விறகு பாய்லர் மூட்டுகிறவர்கள் முதலில் விறகைப் பாருங்கள். சாலையோரம் வெட்டிப்போட்ட பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். அந்த ஈரம் ஆவியாகி, பாய்லரின் குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும். புகையும் சேர்ந்து தாராக ஒட்டிக்கொள்ளும். சுரண்டி எடுப்பது பெரும்பாடு. புகைபோக்கியில் படிந்தால் தீப்பிடிக்கவும் கூடும், அதுதான் பெரிய கவலை. பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக ஒரு வருடம் அடுக்கிவைத்த விறகே நல்லது. ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காய்ந்த துண்டுகளைத் தட்டினால் கணீரென்று சத்தம் வரும்.

அப்புறம், காற்று வழியை அடைத்துப் புகைய விடாதீர்கள். சின்னத் தீயானாலும் சுடர்விட்டு எரியட்டும். வெந்நீர் எடுத்ததும் பச்சைத் தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தண்ணீர் 60 டிகிரிக்கு மேல் இருந்தால் சுவர் அவ்வளவாக வியர்க்காது.