எம்ப்ராய்டரி மெஷினில் லாக் கேபின் கட்டம் தைக்கும் முறை

நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி மூன்று சுற்றாகப் பன்னிரண்டு பட்டைகள் (ஆறு வெளிர்நிறம், ஆறு அடர்நிறம்): இதுதான் லாக் கேபின் கட்டம். 1860-களில் அமெரிக்காவில் பரவலான இந்த ஒட்டுத்துணி வேலையை அந்தக் காலத்திலேயே அடித்துணி ஒன்றின் மேல் வைத்துத்தான் பெரும்பாலும் தைத்தார்கள். எம்ப்ராய்டரி ஹூப்பில் (மெஷினில் மாட்டும் சட்டம்) அந்த அடித்துணியின் வேலையை ஸ்டெபிலைசர், அதாவது துணிக்கு அடியில் வைக்கும் விறைப்பான தாள், செய்கிறது.

சாதாரணத் தையல் மெஷினில் ஒரு தையலுக்கு 1 மி.மீ. கூடுதலாகப் பிடித்துவிட்டால் இரண்டு துணியிலும் சேர்த்து 2 மி.மீ. போய்விடும். கட்டத்தின் குறுக்கே ஆறு தையல் இருப்பதால் மொத்தம் 12 மி.மீ., அதாவது அரை இன்ச்சுக்குக் கிட்டத்தட்ட, குறையும். ஹூப்பில் ஊசி விழும் இடத்தை மெஷினில் ஏற்றும் டிசைன் கோப்பே முடிவு செய்கிறது. ஒரு தையலின் பிழை அடுத்ததில் ஏறாது, எத்தனை கட்டம் தைத்தாலும் ஒரே அளவில் வரும்.

தைத்து முடித்தபின் 4 இன்ச் நிற்கும் கட்டத்துக்கு அளவு சொல்கிறோம். நடுச்சதுரம் 1 இன்ச், பட்டை அரை இன்ச். தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் விடும் கால் இன்ச்சையும் சேர்த்தால் கட்டம் நாலரை இன்ச், அதாவது 114 மி.மீ. எனவே 100 மி.மீ. ஹூப் போதாது, 130க்கு 180 மி.மீ. ஹூப் வேண்டும். '4 இன்ச் ஹூப்பில் 4 இன்ச் கட்டம்' என்று நினைத்துத் துணியை வெட்டிவிட்டுத் தவிப்பவர்கள் பலர்.

நடுத்துணியை 2 இன்ச் சதுரமாக வெட்டுங்கள். நடுவில் சிவப்பு வைப்பது வீட்டின் அடுப்பைக் குறிக்கும் பழைய வழக்கம். பட்டைகளை ஒன்றேகால் இன்ச் அகலத்தில் வெட்டுங்கள். 1 இன்ச்சே கணக்குக்குப் போதும் என்றாலும் அந்தக் கால் இன்ச் மிச்சம்தான் காப்பாற்றும். ஒரு கட்டத்துக்கு வெளிர்நிறப் பட்டை சுமார் 20 இன்ச் நீளம், அடர்நிறப் பட்டை 23 இன்ச் நீளம் ஆகும். பருத்தித் துணியே நல்லது. அடர்நிறத்தை முன்பே துவைத்து, சாயம் போகிறதா என்று பாருங்கள்.

மேல்நூலுக்கும் பாபினுக்கும் (அடிநூல் சுற்றும் உருளை) 50 நம்பர் நூல் ஒரே சாம்பல் நிறத்தில் போடுங்கள். பளபளக்கும் எம்ப்ராய்டரி நூல் இணைப்புத் தையலுக்கு வலு பத்தாது. ஊசி 11 நம்பர். எம்ப்ராய்டரிக்கான டென்ஷன் (நூலின் இறுக்கம்) மேல்நூலை அடியில் இழுக்கும். அதனால் முதலில் இரண்டு துண்டைத் தைத்து விரித்துப் பாருங்கள். நடுவில் ஏணிப்படி மாதிரி நூல் தெரிந்தால் மேல் டென்ஷனைக் கொஞ்சம் கூட்டுங்கள். தையல் நீளம் 2 மி.மீ.; வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள்.

கோப்பில் ஒவ்வொரு படியும் தனி நிறமாக இருக்க வேண்டும் (நூல் அதே சாம்பல்தான்), அப்போதுதான் ஒவ்வொரு படிக்குப் பிறகும் மெஷின் நிற்கும். பல ஊசி மெஷின் நிற்காமல் அடுத்த ஊசிக்குத் தாவிவிடும். அதில் நிறுத்தத்தை நீங்களே அமைக்க வேண்டும்.

ஹூப்பில் கிழிக்கும் வகை ஸ்டெபிலைசரை மட்டும் தொய்வில்லாமல் மாட்டுங்கள். திருகை இறுக்கியபின் ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தது கழற்றியதும் சுருங்கி, கட்டம் கோணலாகும்.

முதல் நிறம் நடுச்சதுரத்தின் இடத்தைக் கோடாகப் போடும். துணியின் நல்ல பக்கம் மேலே தெரிய வைத்து, இரண்டாம் நிறத்தில் பிடித்துத் தைக்கவும். பிறகு பட்டைக்கு இரண்டிரண்டு நிறம். முதலாவது வழிகாட்டிக் கோடு: அது தையல் விழப்போகும் இடத்துக்குக் கால் இன்ச் வெளியே, ஏற்கெனவே தைத்த துணியின் மேல் ஓடும். ஹூப்பை மெஷினிலிருந்து எடுத்து (ஸ்டெபிலைசரைக் கழற்றாமல்), அந்தக் கோட்டை ஒட்டி மிச்சத் துணியை வாத்து அலகுக் கத்தரியால் (ஒரு அலகு அகலமாக இருக்கும் கத்தரி) வெட்டுங்கள். ஸ்டெபிலைசரில் கத்தரி படக்கூடாது. புதுப் பட்டையை நல்ல பக்கம் கீழே இருக்க, அதன் ஓரம் வெட்டிய ஓரத்தோடு சேர, பட்டையின் மீதி கட்டத்தின் நடுப்பக்கம் கிடக்க வையுங்கள். இரு முனையிலும் டேப் ஒட்டுங்கள், ஊசி போகும் பாதையில் மட்டும் வேண்டாம். பசை ஊசியில் ஏறி நூல் அறும். குண்டூசியும் ஆகாது. ஹூப்பை மறுபடி மாட்டினால் இரண்டாவது நிறம் பட்டையைத் தைக்கும். தைத்ததும் பட்டையை வெளிப்பக்கம் புரட்டி நகத்தால் நன்றாக அழுத்தித் தேயுங்கள்.

இந்தத் தேய்ப்பில் அவசரம் கூடாது. மடிப்பு முழுதாக விரியாவிட்டாலும் அடுத்த தையல் அதே இடத்தில்தான் விழும். அதனால் அளவு கெடாது, ஆனால் தளர்ந்த துணி உள்ளே சிக்கிக் கொப்புளமாக நிற்கும். பிரித்தால்தான் சரியாகும். மெஷின் மேல் வைத்தே பெரிய இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் பிளாஸ்டிக் ஹூப் வளையும்.

வரிசை ஒரே திசையில் சுற்றிப் போகும்: இரண்டு வெளிர், இரண்டு அடர், மறுபடி அதேபோல். வெளிர்ப்பட்டைக்குக் கீழே அடர்நிற ஓரம் வந்தால் நிழல் தெரியும். அங்கே அடர்நிற ஓரத்தை மட்டும் 2 மி.மீ. கூடுதலாகக் கத்தரியுங்கள். துணிகள் மேலேயே அடுக்கப்படுவதால், காகிதத்தின் பின்னால் வைத்துத் தைக்கும் முறையைப் போல உரு இடவலமாக மாறாது.

பன்னிரண்டும் முடிந்ததும் வெட்டும் கோட்டுக்கு அரைக்கால் இன்ச் உள்ளே ஒரு சுற்றுத் தையல் வரும். அது இணைப்பில் மறைந்துவிடும். ஹூப்பைக் கழற்றி, நாலரை இன்ச் சதுரமாக ரோட்டரி கத்தியால் வெட்டுங்கள்.

ஸ்டெபிலைசரை இப்போதே கிழிக்கத் தோன்றும், கிழிக்காதீர்கள். கட்டங்களைத் தையல் மெஷினில் கால் இன்ச் விட்டு இணைத்தபின், தையலைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு துண்டு துண்டாகக் கிழித்தெடுங்கள். பிடிக்காமல் இழுத்தால் தையல் நெகிழும். பதினாறு கட்டத்தை நாலுக்கு நாலாகச் சேர்த்தால் 16 இன்ச் சதுரம், சதுரக் குஷனுக்குச் சரியான அளவு. இணைப்பதற்கு முன் தரையில் பரப்பி, வெளிரும் அடரும் சந்திக்கும் குறுக்குக்கோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கட்டம் திரும்பி நின்றாலும் முழு வடிவமும் உடையும்.