வாய்ஸ் ஓவர் பதிவில் என் குரலே தாமதமாகக் கேட்டது: என் அனுபவம்

வீடியோ எடிட்டிங் மென்பொருளில் நேரடியாகக் குரல் பதியும்போது, ஹெட்போனில் என் குரல் சற்றுப் பின்தங்கிக் கேட்டது. பேச்சு தானாக இழுபட்டது. ஆனால் பதிவான கோப்பு சுத்தமாக இருந்தது.

ப்ளூடூத் ஹெட்போனை விட்டு வயர் ஹெட்போனுக்கு மாறியதும் பெரிய தாமதம் போனது, சிறிய தாமதம் மட்டும் மிச்சம் இருந்தது. காரணம் பஃபர், அதாவது கணினி ஒலியை அனுப்பும் முன் சேர்த்து வைக்கும் அளவு. அது 1024 சாம்பிளாக (ஒலியின் சிறு துண்டுகள்) இருந்தது. 48,000 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 48,000 சாம்பிள்) உள்ளே வர 21 மில்லிவினாடி, வெளியே போக இன்னொரு 21. தாமதத்தைக் குறைக்க பஃபரை 128 ஆக்கினால், டைம்லைனில் 4கே வீடியோ ஓடும்போது படபடவென்று வெடிப்புச் சத்தம். டிரைவரை மறுபடி நிறுவியதும் மைக் கேபிளை மாற்றியதும் வீண்.

சரி, குரலைக் கணினி வழியாகக் கேட்பதையே விட்டேன். மென்பொருளில் டிராக்கின் மானிட்டரிங்கை (பதியும்போதே குரலைத் திருப்பிக் கேட்கவைக்கும் வசதி) அணைத்து, ஹெட்போனை ஆடியோ இன்டர்ஃபேஸிலேயே (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) செருகி, அதன் டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் போட்டேன். இது மைக் ஒலியைக் கணினி வழியாகச் சுற்றாமல் நேரே ஹெட்போனுக்கு அனுப்பும். குரல் உடனே வந்தது.

ஆனாலும் பின்னால் மெல்லிய இரண்டாவது குரல் ஒன்று! இதுதான் பலர் கண்ணில் படாத இடம். எடிட்டிங் மென்பொருளை முழுக்க மூடிய பிறகும் அது கேட்டது. அப்படியென்றால் அது வேறு எங்கிருந்தோ வருகிறது. விண்டோஸ் ஒலி அமைப்பில், மைக்கின் பண்புகளில், 'லிஸன்' பக்கத்தில் 'லிஸன் டு திஸ் டிவைஸ்' டிக் ஆகியிருந்தது. மைக் ஒலியை விண்டோஸே ஹெட்போனில் ஒலிக்கவிடும் தேர்வு அது. எடுத்தேன், இரண்டாவது குரல் நின்றது. அப்பாடா!

பஃபரை மறுபடி 1024க்கே வைத்துவிட்டேன், வெடிப்பும் இல்லை. இந்த வழியில் மென்பொருளின் ஈக்யூ (ஒலியின் தன்மையைச் சரிசெய்வது), ரிவெர்ப் (எதிரொலி சேர்ப்பது) எதுவும் பேசும்போது காதில் விழாது. அவற்றைப் பதிவுக்கு அப்புறம்தான் கேட்க முடியும்.